கரையாத உப்பும் கரையும்

தமிழ்நாட்டின் வடமேற்கே அமைந்த தருமபுரி, கிருட்டினகிரி ஆகிய இரு மாவட்டங்களும் கருங்கற் பாறைகள் மிக்கவை. அங்குள்ள கிணறுகள் பலவற்றின் நீர் பளிங்கு போலத் தெளிந்திருக்கும். அதனைப் பருகுவோர் நாவிற்குக் கரிப்பும் தோன்றாது, கைப்பும் தோன்றாது. ஆயினும் அத்தகைய நீரை இளமை முதல் பருகி வளர்ந்தோர் பலருடைய பற்களில் பழுப்பு நிறக் கறை படிந்திருத்தலைக் காணலாம். உமிக்கரி கொண்டு எத்துணைத் தேய்ப்பினும் அக்கறை நீங்குவதன்று. அது பல்லின் மேல் ஒட்டிய கறை அன்று. பல் உருவாகும் பொழுதே அதனுள் தோன்றிய கறையாகும். பிறரோடு கூடியிருக்கும்போது வாய் திறந்து சிரிப்பதற்கு நாணும் சிறுவரும் சிறுமியரும் அவ்வூர்களில் உளர். அந்நீரில் உள்ள தீங்கு மிகுமாயின் முதியோர்க்குக் கழுத்துத் திரும்பாது, முதுகு வளையாது, எலும்பு மூட்டுகள் இறுகிப் போகும்.

இத்துன்பத்திற்குக் காரணம் யாது? புளோரைடு என்னும் பொருளே காரணமாகும். பல்லிற் கறை படிவதற்கு நீரில் உள்ள புளோரைடே காரணம் என்பதனை 1931-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு வேதியியலார் சர்ச்சில் என்பவர் வெளியிட்டார். எலும்புகளையும் தாக்கும் இந்நோய் நம் நாட்டில் இருப்பதனை, அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டத்தில் ஆராய்ந்து, சார்ட்டு, பண்டிட், இராகவாச்சாரி ஆகிய மூவரும் 1937-ஆம் ஆண்டில் எழுதினர்.

புளோரைடு நீரில் எவ்வாறு வந்தது? எவரும் கிணற்றில் நஞ்சினைக் கொண்டு வந்து கொட்டவில்லை. நிலத்தடியில் உள்ள பாறையே அதனைத் தந்தது. புளோரைட்டு எனப்படும் கால்சியம் புளோரைடு, அப்படைட்டு, கருநிற அப்பிரகம் முதலிய கனிமங்கள் அப்பாறைகளில் விரவியுள்ளன. 'கல்லாவது கரைவதாவது!' என்று வியப்போர் இருக்கலாம். பள்ளிக்கூடத்து ஆய்வறையிலும் கால்சியம் புளோரைடு 'நீரிற் கரையாதது' என்றே சொல்லப்படும். கரையாதது என்று பெயர் பெற்ற கல்லே கரைந்து பல்லைக் கெடுத்தது என்றால், 'கரையாதது' என்னும் சொல்லின் பொருளை நுணுகி ஆராய்தல் வேண்டும் அன்றோ?

கரைதலும் படிதலும்

ஒரு குவளை நீரில் சிறிது சிறிதாகச் சோற்றுப்பை இட்டுக் கலக்கினால் முதலில் இட்டது முழுவதும் கரைந்துவிடும். மேன்மேலும் இட்டுக்கொண்டே செல்லின், ஓர் எல்லைக்குப் பின் இட்ட உப்பு கரையாமல் அடியில் தங்கும். இனிக் கரைக்க இயலாத அந்நிலையை அடைந்த கரைசலைத் தெவிட்டிய கரைசல் என்பர். ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 360 கிராம் சோற்றுப்பைக் கரைக்க வல்லது. கால்சியம் புளோரைடோ லிட்டருக்கு 17 மில்லிகிராம் அளவே கரையும். பேரியம் சல்பேட்டு இன்னும் குறைவு. அது லிட்டருக்கு இரண்டரை மில்லிகிராம் கூடக் கரைவதில்லை. எனவே உப்புகள் யாவும் கரைவனவே. மிகுதியாகக் கரைவன சில. மிகச் சிறிதளவே கரைவன சில. கண்ணுக்குப் புலப்படாத அளவிற் கரைவனவற்றையே வழக்கில் 'கரையாதவை' என்கிறோம்.

தெவிட்டிய கரைசலின் அடியில் தங்கிய உப்பு அசைவற்று உறங்குவது போலத் தோன்றும். உண்மை அதுவன்று. திருவிழா நாளில் மண்டபம் ஒன்று மக்களால் நிரம்பியிருக்கிறது என்று கொள்க. ஒரு வாயில் வழியாக மக்கள் உள்ளே வந்துகொண்டே இருக்கின்றனர். மற்றொரு வாயில் வழியாக வெளியே சென்றுகொண்டே இருக்கின்றனர். வருவோர் தொகையும் போவோர் தொகையும் ஒத்திருக்குமாயின், உள்ளிருப்போர் தொகை மாறாது. தொலைவில் நின்று நோக்குவோர்க்கு மண்டபத்தில் எம்மாற்றமும் இல்லை என்றே தோன்றும். தெவிட்டிய கரைசலின் நிலையும் இத்தகையதே. அடியில் உள்ள உப்பு இடைவிடாது கரைந்துகொண்டே இருக்கின்றது. கரைந்தது இடைவிடாது மீண்டும் உப்பாகிப் படிந்துகொண்டே இருக்கின்றது. கரையும் வேகமும் படியும் வேகமும் ஒத்த இந்நிலையைச் சமநிலை என்பர்.

அயனிகளின் பெருக்கம்

உப்பு கரையும்பொழுது என்ன நிகழ்கின்றது? அது மின்னூட்டம் பெற்ற நுண்துகள்களாகப் பிரிகின்றது. அத்துகள்களுக்கு அயனிகள் என்பது பெயர். நீரிற் கரையும் உப்புகள் இவ்வாறு அயனிகளாகப் பிரிந்து நிற்கும் என்னும் கொள்கையை 1887-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் அர்ரீனியசு நிலைநாட்டினார். பேரியம் சல்பேட்டு கரையின் ஒரு பேரியம் அயனியும் ஒரு சல்பேட்டு அயனியும் தோன்றும். கால்சியம் புளோரைடு கரையின் ஒரு கால்சியம் அயனியும் இரண்டு புளோரைடு அயனிகளும் தோன்றும்.

அயனிகள் எண்ணிலடங்காதவை. ஆதலின் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணாமல் மோல் என்னும் அலகினால் அளப்பர். வெற்றிலையைக் கவுளி என்றும், நெல்லைக் கலம் என்றும் அளப்பது போன்றது இது. ஒரு மோல் என்பது 6.022 × 10²³ துகள்களின் தொகுதியாகும். ஒரு பொருளின் மூலக்கூற்றெடை அல்லது அணுவெடை எத்துணையோ அத்துணைக் கிராம் எடுத்தால் அது ஒரு மோல் ஆகும். பேரியத்தின் அணுவெடை 137. ஆதலின் 137 கிராம் பேரியம் ஒரு மோல். புளோரினின் அணுவெடை 19; ஆதலின் 19 கிராம் புளோரைடு ஒரு மோல். ஒரு லிட்டர் கரைசலில் எத்துணை மோல் உள்ளது என்பதே செறிவு எனப்படும்.

கரைந்த அயனிகள் மீண்டும் உப்பாகிப் படிய வேண்டுமாயின் நேரயனியும் எதிரயனியும் தம்முட் சந்தித்தல் வேண்டும். பேரியம் அயனிகளின் செறிவு இருமடங்கானால் சந்திப்புகளும் இருமடங்காகும். அதனோடு சல்பேட்டு அயனிகளின் செறிவும் இருமடங்கானால் சந்திப்புகள் நான்கு மடங்காகும். எனவே படிதலின் வேகம் இரு செறிவுகளின் கூட்டுத்தொகையைப் பொறுத்ததன்று, பெருக்கத்தைப் பொறுத்தது. கரைதலின் வேகமோ குறித்த ஒரு வெப்பநிலையில் மாறாதது. ஆதலின் சமநிலையில் அயனிச் செறிவுகளின் பெருக்கமும் மாறாத ஓர் எண்ணாகவே இருக்கும். அவ்வெண்ணுக்குக் கரைதிறன் பெருக்கம் என்பது பெயர். செருமானிய அறிஞர் நெர்ன்சுட்டு 1889-ஆம் ஆண்டில் இக்கருத்தினை வகுத்தளித்தார்.

அடியில் தங்கியிருக்கும் உப்பு ஒரு சிட்டிகையாயினும் சரி, ஒரு குன்றாயினும் சரி, இவ்வெண் மாறுவதில்லை. ஓர் உப்பின் மூலக்கூற்றில் ஓர் அயனி இரண்டாக இருப்பின், அதன் செறிவை இருமுறை பெருக்குதல் வேண்டும். அதாவது அச்செறிவின் வர்க்கத்தை எடுத்தல் வேண்டும். எனவே பேரியம் சல்பேட்டிற்குப் பேரியச் செறிவு பெருக்கல் சல்பேட்டுச் செறிவு என்பதே கரைதிறன் பெருக்கம்; கால்சியம் புளோரைடிற்குக் கால்சியச் செறிவு பெருக்கல் புளோரைடுச் செறிவின் வர்க்கம் என்பதே கரைதிறன் பெருக்கம்.

நஞ்சு மருந்தகம் புகும் கணக்கு

பேரியம் கொடிய நஞ்சு. அது தசைகளையும் இதயத்தையும் தாக்கும். எளிதிற் கரையும் பேரிய உப்பு ஒரு சில கிராம் உட்செல்லினும் உயிர்க்கு இறுதி நேரலாம். ஆயினும் குடலை எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கும் மருத்துவர், நோயாளிக்குப் பேரியம் சல்பேட்டினை நீரிற் குழைத்துப் பல பத்துக் கிராம் அளவில் பருகக் கொடுக்கின்றனர். எக்ஸ் கதிர் பேரியத்தை ஊடுருவாது; ஆதலின் குடலின் வடிவம் படத்தில் தெளிவாக விழும். நஞ்சினைப் பருகிய நோயாளி நலமுடன் வீடு திரும்புகின்றார். இது எவ்வாறு இயலும்? கணக்கே இதற்கு விடை கூறும்.

பேரியம் சல்பேட்டின் கரைதிறன் பெருக்கம் 25 பாகை வெப்பநிலையில் ஏறத்தாழ 1 × 10⁻¹⁰ ஆகும். ஒன்றை ஆயிரங் கோடியால் வகுக்கக் கிடைக்கும் சிற்றெண் இது. ஒரு லிட்டரில் கரையும் பேரியம் சல்பேட்டு 'க' மோல் எனக் கொள்க. க மோல் கரையின், பேரியம் அயனி க மோலும் சல்பேட்டு அயனி க மோலும் தோன்றும். எனவே,

க × க = 1 × 10⁻¹⁰
க = 1 × 10⁻⁵ மோல்.

இலட்சத்தில் ஒரு மோல் என்பது இதன் பொருள். இதனை 137-ஆற் பெருக்கினால் லிட்டருக்கு 0.00137 கிராம், அதாவது 1.37 மில்லிகிராம் பேரியமே கரைந்துள்ளமை விளங்கும். பருகியது பல பத்துக் கிராம். கரைந்தது ஒரு மில்லிகிராமை அடுத்த சிற்றளவு. எஞ்சியது முழுவதும் கரையாத் தூளாகவே குடல் வழியே சென்று கழிந்துவிடும். நோயாளியைக் காப்பது பத்தின் அடியில் நிற்கும் அச்சிறிய எண்ணே ஆகும்.

ஆயினும் 'கரையாதது' என்னும் பெயரை மட்டும் நம்புதல் தவறு. பேரியம் கார்பனேட்டும் தூய நீரில் மிகச் சிறிதளவே கரைவது. ஆனால் அது எலிகளைக் கொல்லும் நஞ்சாகப் பயன்பட்டது. இரண்டும் நீரிற் கரையாதவை என்னும்போது, ஒன்று படமெடுக்க உதவுவதும் மற்றொன்று கொல்வதும் ஏன்? இரைப்பையில் அமிலம் உண்டு. அந்த அமிலம் கார்பனேட்டு அயனிகளைக் கரியமில வாயுவாக மாற்றி வெளியேற்றிவிடும். கார்பனேட்டு அயனி குறையக் குறைய, அயனிகளின் பெருக்கம் உரிய எண்ணை எட்டுவதில்லை. அவ்வெண்ணை எட்டும் பொருட்டு மேலும் மேலும் உப்பு கரைந்துகொண்டே செல்லும். மண்டபத்தை விட்டு ஒருசாரார் நீங்கிக்கொண்டே இருப்பின், வாயிலில் நிற்போர் உள்ளே நுழைந்துகொண்டே இருத்தல் போன்றது இது. முடிவில் பேரியம் முழுவதும் கரைந்து குருதியிற் கலக்கும். சல்பேட்டு அயனியை இரைப்பை அமிலம் அவ்வாறு நீக்க வல்லதன்று. ஆதலின் பேரியம் சல்பேட்டு மருத்துவமனையில் இடம் பெற்றது. பேரியம் கார்பனேட்டு நஞ்சென ஒதுக்கப்பட்டது.

கிணற்று நீரின் கணக்கு

இனிக் கிணற்று நீருக்குத் திரும்புவோம். கால்சியம் புளோரைடின் கரைதிறன் பெருக்கம் ஏறத்தாழ 4 × 10⁻¹¹ ஆகும். இங்கும் ஒரு லிட்டர் தூய நீரில் கரையும் உப்பு க மோல் எனக் கொள்க. கால்சியம் அயனி க மோல் தோன்றும். புளோரைடு அயனியோ 2க மோல் தோன்றும். எனவே,

க × (2க)² = 4 × 10⁻¹¹
4க³ = 4 × 10⁻¹¹
க³ = 10⁻¹¹ = 10 × 10⁻¹²
க = 2.15 × 10⁻⁴ மோல்.

இவ்விடத்தில் மாணவர் பலர் வழுவுதல் உண்டு. சிலர் புளோரைடை இரட்டிக்க மறப்பர். சிலர் இரட்டித்தபின் வர்க்கம் எடுக்க மறப்பர். வேறு சிலர், 'ஒரே இரண்டினை இருமுறை பயன்படுத்துவது முறையோ?' என ஐயுறுவர். இரண்டிற்கும் வேறு வேறு காரணம் உண்டு. ஒரு மூலக்கூறு இரண்டு புளோரைடு அயனிகளைத் தருகின்றது என்பதனால் செறிவு 2க ஆயிற்று. மீண்டும் உப்பாவதற்கு இரண்டு புளோரைடு அயனிகள் ஒருங்கே வந்து சேர வேண்டும் என்பதனால் அச்செறிவின் வர்க்கம் வந்தது. இவ்வேறுபாட்டினை உணர்ந்தோர் கணக்கில் தவறார்.

புளோரைடுச் செறிவு 2க, அதாவது 4.3 × 10⁻⁴ மோல். இதனை 19-ஆற் பெருக்கின் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஆகும். குடிநீரில் புளோரைடு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரையறை. ஒரு மில்லிகிராமே ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடையாத இடத்து 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தரநிலை கூறுகின்றது. 'கரையாத' கல் தன்னால் இயன்ற அளவு கரைந்தால், ஏற்கத்தக்க அளவைப் போல எட்டு மடங்கு புளோரைடு நீரில் நிற்கும்! கண்ணுக்குப் புலனாகாத கரைவு உடம்புக்குப் புலனாகிவிடுகின்றது.

எனினும் ஒன்றினை மறத்தலாகாது. இக்கணக்குக் காட்டுவது எல்லையையே. எல்லாக் கிணற்று நீரும் அவ்வெல்லையை எட்டி நிற்கும் என்பதன்று. கல்லோடு நீர் நெடுங்காலம் கலந்து உறவாடினாலன்றி நீர் தெவிட்டாது. நீரிற் கலந்துள்ள பிற உப்புகளும், வெப்பநிலையும் இவ்வெல்லையைச் சிறிது மாற்றும். ஆயினும் எல்லை எங்கே உள்ளது என்பதனை அறியாதவன் அதனை எவ்வாறு காத்துக்கொள்ள இயலும்?

இனிய நீரில் உறையும் இடர்

பெருக்கம் மாறாது என்பதிலிருந்து மற்றொரு பெரிய உண்மை பிறக்கின்றது. நீளமும் அகலமும் பெருக்கினால் நிலத்தின் பரப்பு வரும். பரப்பு மாறலாகாது என்று விதிக்கப்பட்ட ஒரு நிலத்தின் நீளத்தைக் கூட்டினால் அகலம் குறைந்தே தீரும்; நீளத்தைக் குறைத்தால் அகலம் கூடியே தீரும். அயனிகளும் அவ்வாறே. ஓர் உப்பில் உள்ள இரண்டு அயனிகளுள் ஒன்று வேறு வழியாகவும் நீரில் வந்து சேர்ந்தால், மற்றது குறைந்தே தீரும். இதனைப் பொது அயனி விளைவு என்பர்.

பேரியம் சல்பேட்டுக் கரைசலில் வேறொரு சல்பேட்டு உப்பினை இட்டுச் சல்பேட்டுச் செறிவை லிட்டருக்கு 0.01 மோல் ஆக்கியதாகக் கொள்க. பேரியச் செறிவு 10⁻¹⁰ வகுத்தல் 10⁻², அதாவது 10⁻⁸ மோல் ஆகிவிடும். முன்பு இருந்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கே இது. பேரிய நஞ்சு உண்டோர்க்குச் சல்பேட்டு உப்பினை மருந்தாகக் கொடுத்தல் இக்காரணம் பற்றியே.

இவ்விதியைக் கிணற்று நீரிற் பொருத்திக் காண்க. நீரில் கால்சியம் எல்லா வழியாலும் சேர்ந்து லிட்டருக்கு 40 மில்லிகிராம், அதாவது 10⁻³ மோல் உள்ளது எனக் கொள்க. அப்பொழுது புளோரைடுச் செறிவின் வர்க்கம் 4 × 10⁻¹¹ வகுத்தல் 10⁻³. அதாவது 4 × 10⁻⁸. அதன் மூலம் 2 × 10⁻⁴ மோல். எடையிற் கூறின் 3.8 மில்லிகிராம். தூய நீரில் 8.2 ஆக இருந்த எல்லை இங்குப் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

மற்றொரு நீரில் கால்சியம் லிட்டருக்கு 4 மில்லிகிராமே, அதாவது 10⁻⁴ மோல் உள்ளது எனக் கொள்க. புளோரைடுச் செறிவின் வர்க்கம் 4 × 10⁻⁷; அதன் மூலம் 6.3 × 10⁻⁴ மோல். எடையிற் கூறின் 12 மில்லிகிராம்! கால்சியம் பத்தில் ஒன்றாகக் குறைய, புளோரைடின் எல்லை மும்மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது.

கால்சியம் நீரை விட்டு நீங்குதல் எவ்வாறு? மழை குன்றிய வறண்ட நிலங்களில் நீர் ஆவியாகிச் சுருங்கும்பொழுது, கால்சியம் கார்பனேட்டாக மாறிச் சுக்கான் கல்லாய் மண்ணிற் படிந்துவிடும். அதுவும் சிறிதளவே கரையும் உப்புத்தான். அதற்கும் ஒரு கரைதிறன் பெருக்கம் உண்டு. கால்சியம் அங்கே படியப் படிய, புளோரைடுக்கு இருந்த தடை நீங்குகின்றது. பாறையில் உள்ள புளோரைடு மேலும் கரைந்து நீரிற் கலக்கின்றது.

இதில் ஓர் இரங்கத்தக்க செய்தி உண்டு. கால்சியம் மிக்க நீர் கடின நீர், அதிற் பருப்பு விரைவில் வேகாது, சவர்க்காரம் நுரைக்காது. கால்சியம் குறைந்த நீர் மென்னீர். அதிற் பருப்பு பதமாக வேகும். துணி எளிதில் வெளுக்கும். இல்லத்தரசி எந்நீரை விரும்புவாள்? மென்னீரையே விரும்புவாள். கிணறுகள் இரண்டு இருப்பின் மென்னீர்க் கிணற்றையே நாடிக் குடம் சுமந்து செல்வாள். பாறையில் புளோரைடு உள்ள ஊரில் அந்த மென்னீரே மிகுதியான புளோரைடைத் தாங்க வல்லது. நாவும் கையும் நன்று என்று தேர்ந்த நீரைக் கணக்குத் தீது என்று காட்டுகின்றது. நீரின் தன்மையைச் சுவையால் மட்டும் தேர்தல் போதாது. சோதித்துத் தேர்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

கணக்குக் காட்டும் வழி

இரண்டு கரைசல்களைக் கலக்கும்பொழுது உப்பு படியுமா, படியாதா என்பதனையும் முன்கூட்டியே அறியலாம். கலந்த நீரில் உள்ள அயனிச் செறிவுகளை மேற்கூறிய முறையாற் பெருக்கிப் பார்த்தல் வேண்டும். பெருக்கம் கரைதிறன் பெருக்கத்தினும் குறைவாயின் உப்பு படியாது. மேலும் கரைய இடமுண்டு. இரண்டும் ஒப்பின் கரைசல் தெவிட்டியது. மிகுமாயின் அம்மிகுதி நீங்கும் வரை உப்பு வீழ்படிவாகப் படியும்.

இவ்விதியைக் கொண்டு நீரில் உள்ள புளோரைடை நீக்கிவிட இயலாதா? கால்சியத்தை மிகுதியாகச் சேர்த்தால் புளோரைடு படிந்துவிடும் அன்றோ? எத்துணைக் கால்சியம் வேண்டும் என்பதனையும் கணக்கிட்டுக் காண்க. புளோரைடை 1.5 மில்லிகிராமாகக் குறைத்தல் வேண்டும். அது 7.9 × 10⁻⁵ மோல்; அதன் வர்க்கம் 6.2 × 10⁻⁹. கால்சியச் செறிவு 4 × 10⁻¹¹ வகுத்தல் 6.2 × 10⁻⁹, அதாவது ஏறத்தாழ 6.4 × 10⁻³ மோல். எடையிற் கூறின் லிட்டருக்கு 260 மில்லிகிராம் அளவாகும். குடிநீரில் கால்சியம் 200 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தரநிலை. ஒரு குற்றத்தை நீக்கப் புகுந்து மற்றொரு குற்றத்தை உண்டாக்குதல் முறையாகாது. கால்சியம் மட்டும் போதாது என்பதனை, ஒரு பிடி சுண்ணாம்பையும் வீணாக்காமல், தாளும் எழுதுகோலும் கொண்டே அறிந்துகொண்டோம்.

ஆகவே அறிஞர் வேறு வழி நாடினர். நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1970-களில் ஒரு முறையினை வகுத்தனர். அதற்கு நல்கொண்டா முறை என்பது பெயர். இன்று தெலங்கானாவில் உள்ள நல்கொண்டாவின் பெயரால் அமைந்தது அது. நீரில் சுண்ணாம்பும் படிகாரமும் சலவைத்தூளும் இட்டுக் கலக்குவர். படிகாரத்திலிருந்து அலுமினியம் ஐதராக்சைடு பஞ்சு போலத் திரண்டு, புளோரைடைத் தன்பாற் பற்றிக்கொண்டு அடியில் தங்கும். தெளிந்த நீரை இறுத்துப் பயன்படுத்துவர். அலுமினியம் ஐதராக்சைடும் நீரிற் கரையாததென்று பெயர் பெற்றதே. கரையாத கல்லால் வந்த தீங்கினைக் கரையாத மற்றொன்றைக் கொண்டே நீக்கினர்.

தருமபுரி, கிருட்டினகிரி மாவட்ட மக்களுக்கு, புளோரைடு மிகாத காவிரி நீரைக் குழாய் வழியே கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், சப்பான் நாட்டின் கடனுதவி பெற்று நிறைவேறி, 2013-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. பல்லிற் படிந்த கறையை நீர் மாற்றத்தால் அகற்ற இயலாது. ஆயினும் இனிப் பிறந்து வளரும் மக்கள் நன்னீரையே பருகி வருவாராயின், அவர்தம் பற்களில் அக்கறை தோன்றாது. குழவிப் பருவத்திலும் பிள்ளைப் பருவத்திலும் பற்கள் உருவாகின்றன; ஆதலின் அப்பருவத்தில் பருகும் நீரே வாழ்நாள் முழுவதற்கும் உரிய பல்லை அமைக்கின்றது.

புளோரைடு முற்றிலும் பகையோ எனின், அதுவும் அன்று. பல்லின் மேற்பூச்சு, கால்சியமும் பாசுபேட்டும் கலந்த சிறிதளவே கரையும் ஒரு பொருளால் ஆனது. நாம் உண்ட இனிப்பை வாயில் உள்ள நுண்ணுயிர்கள் அமிலமாக்குகின்றன. பேரியம் கார்பனேட்டினை இரைப்பை அமிலம் கரைத்தது போலவே, அவ்வமிலம் பல்லைக் கரைத்துக் குழி செய்கின்றது. சிறிதளவு புளோரைடு பல்லிற் சேருமாயின், பல் அமிலத்திற் கரைதல் குறையும், பற்சொத்தை தடைப்படும். குறைந்த அளவில் காப்பதும் அதுவே. மிகுந்த அளவில் கெடுப்பதும் அதுவே. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழி இங்கு எண்ணால் மெய்ப்பிக்கப்பட்டது.

கரையும், கரையாது என்னும் இரு சொற்களோடு நின்றுவிடுவோன் பேரியம் சல்பேட்டைக் கண்டு அஞ்சுவான். மென்னீர்க் கிணற்றைக் கண்டு மகிழ்வான். இரண்டிடத்தும் அவன் பிழைபட்டவனே. எவ்வளவு கரையும் என்று கேட்போனே நஞ்சையும் மருந்தாகக் கொள்வான்; இனிய நீரிலும் இடரை உணர்வான். எவ்வளவு என்னும் அவ்வினாவிற்கு விடை கூறுவதே கரைதிறன் பெருக்கம் என்னும் சிறிய எண். அதனைக் கற்போர் தேர்வுக்கு உரிய ஒரு கணக்கைக் கற்பதோடு அமையாமல், தம் ஊர்க் கிணற்று நீரை ஆராயும் கண்ணையும் பெறுவாராக.